குதிரையின் அகலமும் பகலின் நீளமும்: சோயா அவரைச் செய்கை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விவசாய வரலாறு எழுதுவோர் நிலவுடைமை, வரி, நீர்ப்பாசனம், சந்தை ஆகியன பற்றி விரிவாக ஆராய்வர். புதிய விதையினம் ஒன்று புகுத்தப்பட்ட ஆண்டையும் புதிய இயந்திரம் ஒன்று வயலில் இறக்கப்பட்ட ஆண்டையும் தவறாது குறிப்பர். ஆயின் ஒரு பயிர்வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே விடப்பட்ட வெறும் நிலத்தின் அகலம் பற்றியோ, விதை நிலத்தில் வீழ்ந்த நாள் பற்றியோ அவர்கள் அதிகம் பேசுவதில்லை. அவை விவசாய விஞ்ஞானத்தின்பாற்பட்டன, கலைப்பீடத்தாருக்கு அவற்றிலே அலுவல் இல்லை என்று கொள்ளப்படுகின்றது. இக்கட்டுரையாளனும் நெடுநாள் அவ்வாறே கருதியிருந்தவன்.

அக்கருத்தை மாற்றியது சோயா அவரையின் வரலாறாகும். ஐக்கிய அமெரிக்காவின் இலினோய், இந்தியானா, அயோவா மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சோயா அவரை ஏறத்தாழ 40 அங்குல இடைவெளியுள்ள வரிசைகளிலே பயிரிடப்பட்டது. செடியின் தேவையோ மண்ணின் தேவையோ அவ்விடைவெளியை விதிக்கவில்லை. அதனை விதித்தது வரிசைகளுக்கிடையே நடந்து செல்லவேண்டியிருந்த குதிரையின் உடலகலம். விதைக்கும் நாளையோ பகலின் நீளம் மறைவாக ஆண்டுகொண்டிருந்தது. இவ்விரண்டையும் நவீன விஞ்ஞானம் தனித்தனியே ஆராய்ந்தது. இரண்டும் ஒரே வினாவின் இரு பக்கங்கள் என்பதைக் காண அதற்குப் பல தசாப்தங்கள் சென்றன. அவ்விணைப்பினைச் சீனத்து நூலாசிரியர் ஒருவர் ஆறாம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார் என்பதே இவ்வரலாற்றின் வியப்பிற்குரிய பகுதியாகும். ஆதலின் அவரிடமிருந்தே தொடங்குவாம்.

சோயா அவரை சீனத்திலே தோன்றி வளர்ந்த பயிர். கி.மு. முதலாம் நூற்றாண்டின் இறுதியில், ஹான் பேரரசின் காலத்தில், பான் செங்சி என்பார் இயற்றிய விவசாய நூல் இன்று முழுமையாகக் கிடைப்பதில்லை. பிற்கால நூல்களில் எடுத்தாளப்பட்ட பகுதிகளே எஞ்சியுள்ளன. அவற்றில் ஒன்று, பஞ்ச காலத்திற்குக் காப்பாக வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஐந்து மூ நிலம் என்ற கணக்கிற் சோயா அவரை பயிரிடவேண்டும் என்று கூறுகின்றது. மூ என்பது சீனர் நில அளவை. மூன்றாம் மாதத்தில் எல்ம் மரத்தின் காய்கள் தோன்றும் வேளையில் மழை பெய்தால் மேட்டுநிலத்தில் விதைக்கலாம் என்பதும் அந்நூலின் அறிவுரை. நாட்காட்டியை மட்டும் நம்பாது ஒரு மரத்தின் நிலையையும் மழையையும் சேர்த்துப் பார்த்து நாள் குறித்த முறை அது.

இதனினும் நுட்பமானது சியா சூசியே என்பவர் வட வேய் அரசின் இறுதிக்காலத்தில், ஏறத்தாழ கி.பி. 540ஆம் ஆண்டளவில், எழுதிய ‘சிமின் யாவோசு’ என்னும் பெருநூல். வசந்த காலச் சோயா அவரைக்கு அவர் மூன்று காலங்களை வகுக்கின்றார். இரண்டாம் மாதத்தின் நடுப்பகுதி தலையாய காலம். மூன்றாம் மாதத் தொடக்கம் இடையாயது. நான்காம் மாதத் தொடக்கம் கடையாயது. இவ்வளவே கூறியிருப்பின் அது எந்நாட்டுக் குடியானவனும் அறிந்த செய்தியே. அவர் மேலுஞ் சென்று, ஒவ்வொரு காலத்திற்கும் வேண்டிய விதையளவையுந் தருகின்றார். தலையாய காலத்தில் ஒரு மூ நிலத்திற்கு 8 செங், இடையாய காலத்தில் 10 செங், கடையாய காலத்தில் 12 செங். ஐந்தாம் ஆறாம் மாதங்களிற்கூட விதைக்கலாம். ஆனாற் காலம் பிந்தப் பிந்த விதையைக் கூட்டவேண்டும் என்கின்றார்.

பிந்தியவன் ஏன் கூடுதலாக விதைக்கவேண்டும்? சியா சூசியே காரணங் கூறவில்லை. பிந்தி விதைத்த செடி குறுகி நிற்கும், கிளை விடாது, நிலத்தை மூடாது என்பதை அவரும் அவர் கேட்டறிந்த முதிய விவசாயிகளும் கண்ணாற் கண்டிருத்தல் வேண்டும். செடி சிறிதானால் அதனை நெருக்கி வைத்தே நிலத்தை நிரப்பலாம். காலத்தின் குறையை இடத்தின் நெருக்கத்தால் ஈடுசெய்தல் என்பதே அவ்விதியின் உட்பொருள். இதனைக் குறித்துக்கொண்டு அமெரிக்காவுக்குச் செல்வோம்.

1765இல் சாமுவெல் போவென் என்பவர் சீனத்திலிருந்து கொண்டுவந்த சோயா அவரை விதை, அன்று பிரித்தானியக் குடியேற்றமாயிருந்த ஜோர்ஜியாவிலே பயிரிடப்பட்டது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இப்பயிர் அந்நாட்டில் ஒரு புதுமைப் பொருளாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அது பரவியபோதும் கால்நடைத் தீவனமாகவும் பசளைப் பயிராகவுமே பெரும்பாலும் பரவியது. தீவனத்திற்கென விதைத்தோர் கோதுமை விதைக்கும் இயந்திரத்தால் ஏழெட்டு அங்குல இடைவெளியில் நெருக்கமாகவே விதைத்தனர். தீவனத்தோடு சிறிது களை சேர்ந்தாலும் மாடு தின்றுவிடும் ஆதலால் இடையுழவு பற்றி அவர்கள் பெரிதுங் கவலைப்படவில்லை. பிற்காலத்தார் பெரும் புதுமையெனப் போற்றிய நெருக்க விதைப்பு இவ்வாறு தொடக்கத்திலேயே இருந்ததொன்று என்பது மறக்கற்பாலதன்று.

நிலைமையை மாற்றியது எண்ணெய். 1920இல் இந்தியானா மாநிலத்துக் கம்டன் என்னும் ஊரிலுள்ள பண்ணையொன்றிற் சோயா அவரை விவசாயிகளின் தேசியச் சங்கம் உருவாயிற்று. 1922இல் ஸ்ரேலி கம்பனி இலினோயின் டிகேற்றர் நகரிலே சோயா அவரையைப் பிழிந்து எண்ணெய் எடுக்கும் ஆலையைத் தொடங்கியது. விதைக்கு விலை கிடைத்ததும் தீவனப் பயிர் தானியப் பயிராகத் தொடங்கியது. எனினும் 1941ஆம் ஆண்டிலேதான் தானியத்திற்கென அறுவடை செய்யப்பட்ட பரப்பு ஏனைய தேவைகளுக்கான பரப்பை முதன்முறையாக விஞ்சியது. தானியத்திற்கு விளைவிப்பவனுக்குக் களை பெரும் பகை. அது விளைச்சலைத் தின்பதோடு அறுவடையையும் பாழாக்கும். களையைக் கட்டுப்படுத்த அக்காலத்தில் இருந்த வழி இடையுழவு ஒன்றே. அதற்கான கருவி எல்லாப் பண்ணைகளிலும் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது சோளத்திற்கென அமைந்தது.

இங்கேதான் குதிரை வருகின்றது. அமெரிக்காவின் சோள வலயத்தில் இரு குதிரைகள் பூட்டிய இடையுழவுக் கலப்பை, ஒரு சோள வரிசையை நடுவே விட்டு அதன் இருமருங்குஞ் செல்வது. வரிசைக்கு இப்பக்கம் ஒரு குதிரை, அப்பக்கம் ஒரு குதிரை. பயிரை மிதிக்காமல் குதிரை நடப்பதற்கு வேண்டிய அகலமே வரிசையின் இடைவெளியாயிற்று. அது 40 முதல் 42 அங்குலம், அதாவது ஒரு மீற்றருக்குச் சற்றே கூடக்குறைய. விதையிடும் இயந்திரம், கலப்பை, அறுவடைக் கருவி யாவும் அவ்வளவுக்கே செய்யப்பட்டன. சோளத்தின் பின் அதே வயலுக்கு வந்த சோயா அவரை அதே இயந்திரத்தால் அதே இடைவெளியில் விதைக்கப்பட்டது. சோளம் ஆளுயரத்துக்கு மேல் வளர்வது. சோயா அவரையோ இடுப்பளவு நிற்பது. இரண்டுக்கும் ஒரே சட்டை தைக்கப்பட்டது எனலாம்.

பின்பு குதிரை வயலை விட்டு வெளியேறியது. 1924இல் சந்தைக்கு வந்த ‘பார்மோல்’ உழவு இயந்திரம், பயிர்வரிசைகளுக்கிடையே ஓடி இடையுழவு செய்யத்தக்கதாக அமைந்தது. 1950களின் நடுப்பகுதியளவில் அமெரிக்கப் பண்ணைகளில் உழவு இயந்திரங்களின் தொகை குதிரை, கோவேறு கழுதைகளின் தொகையை விஞ்சியது. ஆனால் உழவு இயந்திரத்தின் சில்லுகளைக் குதிரை நடந்த தடத்துக்கே பொருத்தினர். குதிரை போயிற்று; அதன் அகலம் வயலிலே தங்கிவிட்டது. ஒரு கருவி தன் காலம் முடிந்த பின்னும் தான் விதித்த அளவினை விட்டுச் செல்வதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

இவ்வளவு பொருந்தாதது என்பதை எவரும் அறியாதிருந்தனர் என்று கூறுதல் தவறு. 1939இல் கோர்னெல் பல்கலைக்கழகத்து விக்கன்ஸ் என்பவர், செடிகளின் இடைவெளியும் ஒழுங்கமைப்பும் சோயா அவரை விளைச்சலை எவ்வாறு பாதிக்கின்றன என்பது பற்றித் தம் ஆய்வினை வெளியிட்டார். செடிகள் நிலத்தில் எவ்வளவுக்குச் சமமாகப் பரந்து நிற்கின்றனவோ, அதாவது வரிசைகளுக்கிடையேயுள்ள தூரமும் வரிசைக்குள் செடிகளுக்கிடையேயுள்ள தூரமும் எவ்வளவுக்கு நெருங்கி வருகின்றனவோ, அவ்வளவுக்கு விளைச்சல் கூடுகின்றது என்பது அவருடைய முடிவு. ஒரு மீற்றர் இடைவெளியில் வரிசைக்குள்ளே செடிகளைத் திணிப்பது இதற்கு நேரெதிரானது. ஆயினும் விவசாயி அதனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் வயலைக் களை மூடியிருக்கும். ஆய்வுகூடத் தோட்டத்தில் கையாற் களை பிடுங்கலாம். நூறு ஏக்கரில் அது இயலாது. விவசாயியின் ‘பழமைவாதம்’ பற்றி எழுதும் நூல்கள் சில இவ்விடத்தைக் கவனியாது கடந்துவிடுகின்றன. அவன் அறியாமையால் அகன்ற வரிசையைப் பற்றி நிற்கவில்லை. அவனிடமிருந்த ஒரே ஆயுதத்திற்கு அது தேவைப்பட்டது.

இடத்தின் கதை இவ்வாறு நிற்க, காலத்தின் கதை வேறோரிடத்தில் நடந்தது. வேர்ஜீனியாவில் வாஷிங்டன் நகரை அடுத்து, ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் ஆர்லிங்டன் பரிசோதனைப் பண்ணை இருந்தது. (1941இல் நாட்டின் பாதுகாப்புத் தலைமையகத்தை இப்பண்ணை நிலத்தில் அமைக்கக் கருதியபோது, ஏறத்தாழ ஐந்து பக்கங்கொண்ட அந்நிலத்திற்கேற்ப ஐங்கோணக் கட்டடம் வரையப்பட்டது. பின்னர் இடம் மாறியது, வடிவம் மாறவில்லை. குதிரையின் அகலம் போன்ற கதைதான்.) அப்பண்ணையிற் பணியாற்றிய கார்னர், அலர்ட் என்னும் இருவரையும் இரண்டு புதிர்கள் அலைக்கழித்தன. மேரிலாந்து மமத் என்னும் புகையிலை இனம் கோடை முழுவதும் உயர்ந்து வளர்ந்ததேயன்றிப் பூக்கவில்லை. அதுவே மாரிகாலத்திற் கண்ணாடி வீட்டினுள்ளே பூத்தது. மற்றையது சோயா அவரை. பிலொக்சி என்னும் இனத்தை மே மாதந்தொட்டுக் கோடை முழுவதும் இடைவிட்டு இடைவிட்டு விதைத்தபோது, முந்தி விதைத்ததும் பிந்தி விதைத்ததும் செப்டெம்பரில் ஒருங்கே பூத்தன. வயது வேறு, உயரம் வேறு. பூத்த நாள் மட்டும் ஒன்று.

வெப்பம், ஈரம், மண்வளம் ஆகிய ஒவ்வொன்றையும் அவர்கள் சோதித்து நீக்கினர். எஞ்சியது பகலின் நீளம். 1918 யூலை 10ஆம் நாள், புகையிலைச் சாடிகள் மூன்றையும் சோயா அவரைப் பெட்டியொன்றையும் சிறிய இருட்டுக் கொட்டிலொன்றினுள்ளே மாலை நான்கு மணிக்கு வைத்து, மறுநாட் காலை ஒன்பது மணிக்கு வெளியே எடுத்தனர். நாள்தோறும் இதனையே செய்தனர். செடிக்குக் கிடைத்த பகல் ஏழு மணித்தியாலம் மட்டுமே. கோடை நடுவிலே அவை இலையுதிர்காலம் வந்துவிட்டதென நம்பிப் பருவம் மாறின. 1920இல் வெளிவந்த அவர்களது நீண்ட கட்டுரை, தாவரம் பகலின் நீளத்துக்கேற்பப் பூக்கும் இவ்வியல்புக்குப் பெயருஞ் சூட்டியது. ஒளிக்காலத்துவம் என நாம் அதனை வழங்கலாம். செடி உண்மையில் அளப்பது பகலையன்று, இடையறாத இரவின் நீளத்தையே என்பதை 1938இல் ஹம்னர், பொனர் ஆகியோர் மற்றொரு தாவரத்தைக் கொண்டு காட்டினர். பெயர் அதனால் மாறவில்லை.

இதன் பின்னரே விதைக்கும் நாள் என்பதன் பொருள் தெளிவாயிற்று. சோயா அவரை குறும்பகல் தாவரம். பகல் குறுகத் தொடங்கியதும் அது பூப்பதற்கு விரைகின்றது. பிந்தி விதைத்த செடிக்கு இலையும் கணுவும் விடுவதற்குக் கிடைக்கும் நாட்கள் குறைவு. சிறியதாயிருக்கும்போதே அது பூத்துவிடும். ஒவ்வோரினமும் வடக்குத் தெற்காக ஒடுங்கிய ஒரு வலயத்துக்கே உரியது என்பதும் இதனாலேயே. வட அமெரிக்காவில் இனங்களைப் பகலளவுக்கேற்ப முதிர்ச்சித் தொகுதிகளாகப் பிரித்தனர்; இன்று அவை கனடாவுக்குரிய 000 முதல் வெப்பவலயத்துக்குரிய 10 வரை பதின்மூன்றாகும்.

இனி இரு கதைகளும் சந்திக்கும் இடத்தை நோக்குவாம். 1960களின் நடுப்பகுதியில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஷிபில்ஸ், வெபர் ஆகிய இருவரும் சோயா அவரைப் பயிர் சூரிய ஒளியில் எவ்வளவு பங்கை இலைகளால் மறிக்கின்றது என அளந்தனர். ஒரு சதுர மீற்றர் நிலத்தின்மேல் ஏறத்தாழ மூன்று சதுர மீற்றருக்குச் சற்று மேற்பட்ட இலைப்பரப்பு இருந்தால் ஒளியின் 95 வீதம் மறிக்கப்படும் என்பது அவர்கள் கண்டது. வரிசைகளுக்கிடையே வெறும் மண் தெரியுமாயின் அங்கே விழும் ஒளி பயிருக்குப் பயன்படாது, களைக்கே பயன்படும். எனவே விளைச்சலின் வினா இதுவாகின்றது: பூத்துக் காய்க்கத் தொடங்குமுன் இலைகள் நிலத்தை மூடிவிட்டனவா? அகன்ற வரிசை மூடுவதற்கு நீண்டகாலம் வேண்டும். பிந்திய விதைப்பில் அக்காலம் இல்லை. ஆகவே முந்தி விதைத்த பெரிய செடி அகன்ற இடைவெளியையும் ஒருவாறு நிரப்பிக்கொள்ளும். பிந்தி விதைத்த சிறிய செடிக்கு நெருக்கம் இன்றியமையாதது. கோதுமை அறுத்தபின் யூன் இறுதியிலோ யூலைத் தொடக்கத்திலோ இரண்டாம் பயிராகச் சோயா அவரை விதைக்கும் அமெரிக்க விவசாயிக்கு அந்நாட்டு ஆலோசகர் இன்று கூறுவது, வரிசையை ஒடுக்குக, விதையைக் கூட்டுக என்பதே. சியா சூசியேயின் 8, 10, 12 செங் வேறென்ன கூறின?

வரிசை ஒடுங்கியதற்கு உடனடிக் காரணம் விஞ்ஞானிகளின் ஒளியளவையன்று, களைநாசினி. 1960களிற் சோயா அவரைக்குத் தீங்கின்றிக் களையை அழிக்கும் மருந்துகள் பரவியதும் வரிசைகளுக்கிடையே எதுவும் நடக்கவேண்டிய தேவை குறைந்தது. சோளத்தின் வரிசையே 30 அங்குலமாயிற்று. சோயா அவரையும் அதனைத் தொடர்ந்தது. இலினோயிலும் பின்னர் ஒகாயோவிலும் பணியாற்றிய றிச்சர்ட் கூப்பர் இதனினும் மேலே சென்று, ஏழு அங்குல இடைவெளியில் விதைக்கலாமென வாதிட்டார். அவர் எதிர்கொண்ட இடர் செடி சாய்தல். நெருக்கத்திலே செடிகள் உயர்ந்து மெலிந்து நிலத்திற் படிந்துவிடும்; படிந்த செடியின் இலைகள் ஒன்றையொன்று மறைக்கும். அகன்ற வரிசைக்கெனத் தெரிவுசெய்யப்பட்ட இனங்களை ஒடுங்கிய வரிசையிலிட்டு, ஒடுங்கிய வரிசை பயனற்றது எனத் தீர்ப்பளித்தல் நியாயமன்று என்பது அவர் கண்ட உண்மை. அதனாலேயே குட்டையான தண்டுள்ள ‘எல்ப்’ போன்ற இனங்களை அவர் உருவாக்கினார். இடைவெளி மாறினால் இனமும் மாறவேண்டும். ஒன்றை நிறுத்திவைத்து மற்றொன்றை மட்டும் சோதிக்கும் ஆய்வுமுறைக்கு இது ஓர் எச்சரிக்கையாகும்.

ஒடுங்கிய வரிசை எங்கும் எப்போதும் வென்றது என எண்ணுவதற்கில்லை. அயோவாவில் டெய்லர் என்பவர் 1980இல் வெளியிட்ட ஆய்வு, மழை போதிய ஆண்டில் அது விளைச்சலைக் கூட்டியதையும் வறண்ட ஆண்டில் அவ்வனுகூலம் மறைந்ததையும் காட்டியது. விரைவில் நிலத்தை மூடும் பயிர் மண்ணின் நீரையும் விரைவிற் குடித்துவிடும். பருவம் குறுகிய வடபகுதியில் ஒடுங்கிய வரிசையின் பயன் தெளிவாகத் தோன்றியதும், பருவம் நீண்ட தென்பகுதியில் அது மங்கித் தோன்றியதும் மேற்கூறிய விதிக்கு முரணானவையல்ல. நிலத்தை மூடுவதற்கு நாளிருந்தால் நெருக்கத்தின் தேவை குறைகின்றது.

விதைக்கும் நாளிலும் ஒரு பழைய வழக்கம் நிலவிற்று. சோள வலயத்து விவசாயி முதலிற் சோளத்தை விதைத்து முடித்த பின்னரே சோயா அவரைக்கு வருவான். ஆதலின் அது மே நடுப்பகுதிக்கோ யூனுக்கோ தள்ளப்பட்டது. குளிர்ந்த மண்ணில் விதை அழுகும், உறைபனி முளையைக் கொல்லும் என்ற அச்சமுமிருந்தது, அதுவும் பொய்யன்று. எனினும் வேலை ஒழுங்கு விதித்த நாளைச் செடி விதித்த நாளாகக் கருதியமை, குதிரையின் அகலத்தைப் பயிரின் அகலமாகக் கருதியதற்கு நிகரானது. நெபிராஸ்காவில் 2003, 2004ஆம் ஆண்டுகளில் நடத்தி 2008இல் வெளியிடப்பட்ட பரிசோதனையொன்றின்படி, மே முதலாந் திகதிக்குப்பின் பிந்திய ஒவ்வொரு நாளுக்கும் ஹெக்டேயருக்கு முதலாண்டில் 17 கிலோவும் மறு ஆண்டில் 43 கிலோவும் விளைச்சல் குறைந்தது. ஆரம்ப வளர்ச்சி கழிந்தபின் செடி ஏறத்தாழ 3.7 நாளுக்கு ஒரு கணு விடுகின்றது. முந்தி விதைத்தால் அக்கணக்கு முந்தியே தொடங்கும். கணு ஒவ்வொன்றும் காய் தோன்றக்கூடிய இடம்.

தெற்கே மிசிசிப்பிக் கழிநிலத்தில் மாற்றத்திற்கான காரணம் வேறு. அங்கே பிந்தி முதிரும் இனங்களை மேயிலும் யூனிலும் விதைத்தால், காய் நிரம்பும் வேளை ஓகஸ்ட் மாத வறட்சியோடு மோதும். ஸ்ரோன்வில் ஆராய்ச்சி நிலையத்து ஹெதர்லி முதலானோர், வடக்கிற்குரிய நான்காம் முதிர்ச்சித் தொகுதி இனங்களை ஏப்பிரலில் விதைத்து வறட்சிக்கு முன்னரே தப்பும் முறையை வகுத்தனர். இனத்தைத் தெற்கே இறக்கி நாளை முன்னே தள்ளிய இச்சூழ்ச்சி அப்பிரதேசத்தின் பொதுவழக்காகவே பின்னர் மாறிற்று.

பகலளவின் ஆட்சியை முற்றாக மீற முயன்றது பிரேசில். மத்திய கோட்டை நெருங்க நெருங்கப் பகல் எப்போதுங் குறுகியதே. ஆதலின் வடபுல இனங்கள் அங்கே கணுக்காலளவு வளருமுன்னே பூத்துவிடும். மிசிசிப்பியின் ஹாட்விக்கும் பிரேசிலின் கீலும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், குறும்பகலிலும் பூத்தலைத் தாமதிக்கும் ஒரு பண்பினை இனங்கண்டு காட்டினர். நீண்ட இளமைப் பண்பு என அதனை அழைப்பர். 1973இல் நிறுவப்பட்ட பிரேசிலிய விவசாய ஆராய்ச்சி நிறுவனமாகிய எம்பிராபாவின் இன விருத்தி அப்பண்பைக் கொண்டே செறாடோ மேட்டுநிலத்தைச் சோயா அவரை நிலமாக்கியது. அதற்குக் காரணமான மரபணுவை 2017இலேதான் அறிந்தனர்.

நம் நாட்டிற்கும் இங்கு ஒரு தொடர்புண்டு. திரிபோஷ மாவிலே சோளத்தோடு சோயா அவரையுங் கலக்கப்படுவதை அனைவரும் அறிவர். அனுராதபுரப் பகுதியிலும் மகாவலிக் குடியேற்றங்களிலும் அது பயிராயிற்று. பேராதனை அமைந்துள்ள வட அகலாங்கு 7 பாகையளவில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஐம்பது நிமிடமே. மத்திய இலினோய் அமைந்துள்ள 40 பாகையில் அது ஐந்தரை மணித்தியாலத்திற்கு மேல். ஆதலின் இங்கு விதைக்கும் நாளைப் பகல் குறிப்பதில்லை. பெரும்போக மழையும் சிறுபோக நீர்ப்பாசனமுமே குறிக்கின்றன. பகல் எப்போதுங் குறுகியிருப்பதால் மூன்று மாத அளவில் முதிரும் சிறிய செடியே நமக்கு வாய்ப்பது. மேற்கண்ட விதியை இங்கே பொருத்தினால், நாம் ஆண்டுமுழுதும் அமெரிக்கனின் ‘பிந்திய விதைப்பு’ நிலையிலேயே நிற்கின்றோம் என்பது பெறப்படும். அவனுடைய கைநூலிலுள்ள அகன்ற வரிசையை நாம் அப்படியே பெயர்த்தெடுப்பது பொருந்தாது.

அமெரிக்காவில் 1924இல் ஏக்கருக்கு 11 புசலாயிருந்த சராசரி விளைச்சல் 2016இல் ஏறத்தாழ 52 புசலாயிற்று. இதிற் பெரும்பங்கு இன விருத்திக்குரியது. இடைவெளிக்கும் நாளுக்கும் உரிய பங்கைத் தனியே பிரித்துக் கூறல் எளிதன்று, கூப்பர் காட்டியதுபோல் அவை ஒன்றோடொன்று பிணைந்தவை. ஆயின் இவ்வேற்றத்திற்கு ஒரு விலையுங் கொடுக்கப்பட்டது. 1996இல் கிளைபொசேற் மருந்தைத் தாங்கும் சோயா அவரை சந்தைக்கு வந்தபின் இடையுழவு பெரும்பாலும் மறைந்தது; ஒரே மருந்தை ஆண்டுதோறுந் தெளித்தனர். 2000களின் நடுப்பகுதியிற் ஜோர்ஜியாவில் அம்மருந்துக்கு அடங்காத பாமர் கீரை கண்டறியப்பட்டது. அது நாம் உண்ணும் முளைக்கீரையின் சாதியைச் சேர்ந்தது; ஆளுயரம் வளர்ந்து இலட்சக்கணக்கில் விதை சிந்துவது. களைநாசினியின் துணையால் ஒடுங்கிய வரிசை, இப்போது தோற்றுவரும் களைநாசினிக்குத் துணையாக அழைக்கப்படுகின்றது. விரைவில் நிலத்தை மூடும் பயிரின் நிழலே களையை அடக்கும் என ஆலோசகர் கூறுகின்றனர். அதேவேளை வடமாநிலங்களில், நெருங்கிய பயிரின் ஈர நிழலிலே தண்டை அழுகச் செய்யும் வெண்பங்கசு நோய் செழிப்பதால், வரிசையை மீண்டும் அகட்டியோரும் உளர்.

இன்று அவ்வயல்களில் ஏழரை அங்குலம், பதினைந்து அங்குலம், முப்பது அங்குலம் என்னும் மூன்று இடைவெளிகளும் அருகருகே காணப்படுகின்றன. முப்பது அங்குலத்தைப் பற்றி நிற்போரிற் பலர் கூறுங் காரணம், சோளத்திற்கும் சோயா அவரைக்கும் ஒரே விதையிடும் இயந்திரம் போதும், இரண்டாவதை வாங்கப் பணமில்லை என்பதாகும்.